ஒருவர் மட்டும் பேசிய ஒளிமொழிகள்

சென்ற தீபாவளிக்கு முன்பு, தில்லியில் நாங்கள் மூவர் பகிர்ந்து வாழும் வீட்டின் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பின்னால் ஐந்து மீட்டர் நீளமுள்ள எல்இடி பட்டை ஒன்றை ஒட்டினோம். நிறம் மாறும் வகை. கைப்பேசிச் செயலியின் வழியாகத்தான் அதற்கு ஆணையிட முடியும். திரைப்படம் ஓடும்போது மங்கலான நீலம், கிரிக்கெட்டுக்குப் பச்சை, பாட்டு ஒலித்தால் தாளத்துக்கேற்பத் தானே மாறும் ஓர் ஏற்பாடு. மூன்று மாதம் மகிழ்ச்சியாகக் கழிந்தது. பிறகு ஒரு மாலை செயலிக்குள் நுழைய முடியவில்லை. சர்வர் பதிலளிக்கவில்லை என்றது. மறுநாளும் அதையே சொன்னது. சில நாட்களில் அந்தச் செயலியே பதிவிறக்கப் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது. பட்டைக்கு ஒரு குறையும் இல்லை. சுவிட்சைப் போட்டால் எரிந்தது. ஆனால் கடைசியாக நாங்கள் தேர்ந்து வைத்த கத்தரிப்பூ நிறத்தில் மட்டுமே எரிந்தது. இரண்டு மாதம் எங்கள் கூடத்தில் வேறு நிறமே இல்லை.

கடைசிப் பேச்சாளர் மறைய, அவரோடு மறைந்த மொழிகளைப் பற்றி முதுகலை வகுப்பில் படித்திருக்கிறேன். விளக்கு நல்ல உடல்நலத்துடன் இருக்க, அதனோடு பேசும் மொழி மட்டும் இறந்துபோவதை வீட்டுக் கூடத்தில் கண்டது இதுவே முதல் முறை. இணையக் காலத்துக்கு உரிய புதுநோய் என்றுதான் முதலில் எண்ணினேன். படிக்கத் தொடங்கிய பிறகு தெரிந்தது, நோய்க்கு வயது ஏறத்தாழ முந்நூறு.

நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில், வானவில்லின் நிறங்களை ஏழாகப் பகுத்து, இசையின் ஏழு இடைவெளிகளோடு ஒப்பிட்டுக் காட்டினார். அவருக்கு அது ஓர் ஒப்புமை மட்டுமே. பிரான்சு நாட்டின் இயேசு சபைத் துறவி லூயி பெர்த்ரான் காஸ்தெல் அதை ஒரு கருவியாக்க விரும்பினார். நியூட்டனின் ஒளிக் கொள்கையை ஏற்காதவர் அவர் என்பது இதில் ஒரு வேடிக்கை. கண்ணுக்கான ஹார்ப்சிகார்ட் என்ற திட்டத்தை 1725இல் அறிவித்தார். ஹார்ப்சிகார்டுக்கு மேலே ஆறடிச் சட்டம். அதில் நிறக் கண்ணாடி பதித்த அறுபது சிறு சாளரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுந்திரை. கட்டையை அழுத்தினால் கப்பிக் கயிறு திரையை இழுக்கும், நிறம் ஒரு கணம் தோன்றி மறையும். பிற்காலத்தில் செய்த பெரிய கருவியின் பின்னால் ஏராளமான மெழுகுவத்திகள் எரிந்தன என்கிறார்கள். அந்த அறையின் வெக்கையை எண்ணிப் பார்க்கிறேன்.

காஸ்தெலின் கனவு அரசவையோடு நின்றுவிடவில்லை. பாரிஸின் ஒவ்வொரு வீட்டிலும் பொழுதுபோக்குக்காக ஒரு நிறக்கருவி இருக்கும் என்று அவர் நம்பினார். 8 லட்சம் கருவிகள் செய்யும் தொழிற்சாலையைக் கூடக் கற்பனை செய்தார். இன்று கடைகளில் அட்டைப் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருக்கும் நிறம் மாறும் பல்புகளின் முழு வணிகத் திட்டமும், மின்சாரம் ஒன்றைத் தவிர, அந்தத் துறவியின் மனத்தில் இருந்தது. 1757இல் அவர் இறந்தார். அவருடைய கருவிகளில் ஒன்றும் இன்று இல்லை.

காஸ்தெலின் கணக்கில் 'தோ' என்னும் சுரம் நீலம், 'ரே' பச்சை, 'மி' மஞ்சள். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் லண்டனில் அலெக்சாந்தர் வாலஸ் ரிமிங்டன் செய்த கருவியில் அதே 'தோ' சிவப்பு. இருவரும் தம் தம் கணக்கே இயற்கையானது என்று நம்பினார்கள். சசூர் வகுப்புகளில் கேட்டவர்களுக்கு இங்கே ஒரு பழைய மணி ஒலிக்கும். குறிக்கும் குறிக்கப்படுவதற்கும் இடையே இயற்கையான உறவு தேவையில்லை. 'மரம்' என்ற ஒலியில் மரம் எதுவும் இல்லை. அந்த இடுகுறித்தன்மையால் எந்த மொழியும் கெட்டதில்லை. அதை ஏற்றுக்கொள்ளும் ஒரு சமூகம் இருந்தால் போதும். காஸ்தெலுக்கும் ரிமிங்டனுக்கும் இல்லாதது சரியான நிறப் பட்டியல் அன்று. தம்மோடு அதே பட்டியலில் பேச இன்னொருவர்.

(நம் சொற்களைப் பார்த்தால் பொறாமைப்பட்டிருப்பார் காஸ்தெல். வண்ணம் என்பது நிறம். தொல்காப்பியச் செய்யுளியல் இருபதாக எண்ணும் ஓசை வேறுபாடுகளுக்கும் அதுவே பெயர். வடமொழியின் வர்ணம் நிறமும் ஆகும், எழுத்தொலியும் ஆகும். ராகம் என்ற சொல்லின் வேர் சாயமேற்றுவதைக் குறிப்பது. அவர் அரும்பாடுபட்டு நிறுவ முயன்றதை நம் அகராதி போகிற போக்கில் சொல்லிவிடுகிறது.)

ரிமிங்டனின் கருவி 1895இல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் மக்கள் முன் வந்தது. பத்தடிக்கு மேல் உயரம், பதினான்கு வில்விளக்குகள், 150 ஆம்பியர் மின்னோட்டம். நம் வீட்டில் வெந்நீர்க் கொதிகலனுக்கு வைக்கும் பெரிய ப்ளக் 15 ஆம்பியர்தான். இத்தனைக்கும் அது ஒலி எழுப்பாது. பக்கத்தில் வேறொருவர் உண்மையான இசைக்கருவியை வாசிக்க வேண்டும். வீட்டுக்குள் வரும் வாய்ப்பே அதற்கு இருக்கவில்லை.

இந்த வரலாற்றில் என் மனம் அதிகம் தங்கிய இடம் மாஸ்கோ. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் 1910இல் முடித்த 'பிரமீதியஸ்' படைப்பின் இசைக்குறிப்பேட்டில், எல்லா வாத்தியங்களுக்கும் மேலே, முதல் வரியாக 'லூச்சே' என்றொரு வரி உண்டு. இத்தாலிய மொழியில் ஒளி என்று பொருள். வயலினுக்கு எழுதுவது போலவே ஒளிக்கும் சுரக்குறிகளில் எழுதிவைத்தார். 1911இல் மாஸ்கோவில் நிகழ்ந்த முதல் அரங்கேற்றத்தில் ஒளி இல்லை. 1915 மார்ச் 20 அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில், 'குரோமோலா' என்ற கருவியின் துணையோடு ஒளியும் சேர்ந்தது. ஸ்க்ரியாபின் அங்கே இல்லை. அடுத்த மாதம் இறந்துபோனார். ஆனால் வீட்டில் அவரிடம் ஒரு சிறு பொருள் இருந்தது: மரப்பலகையில் வட்டமாகப் பதித்த நிற பல்புகள். பியானோ அருகே வைத்து அவற்றை ஏற்றி அணைத்து நண்பர்களுக்குக் காட்டுவார். அந்தப் பலகை மாஸ்கோவில் அவர் வாழ்ந்த வீட்டு அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. வீட்டுப் பொழுதுபோக்குக்கான நிற விளக்கு என்று நாம் இன்று சொல்வதற்கு இவ்வளவு அருகில் வரும் பழைய பொருள் வேறொன்றை நான் அறியேன்.

குரோமோலாவை இன்று எவரும் இயக்குவதில்லை. ஆனால் 'பிரமீதியஸ்' இன்றும் ஒளியோடு நிகழ்த்தப்படுகிறது, புதிய விளக்குகளைக் கொண்டு. அந்த ஒற்றை வரி எழுத்தில் இருப்பதே காரணம். எந்தச் சுரத்துக்கு எந்த நிறம் என்பதில் இன்னும் வாதங்கள் உண்டு. வாதிடுவதற்கு ஒரு பிரதி இருக்கிறதே, அது காஸ்தெலுக்கு வாய்க்கவில்லை.

டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த தாமஸ் வில்ஃபிரெட் எதிர்த்திசையில் போனவர். ஒளிக்கு இசையின் துணையே வேண்டாம் என்றார். மௌனத்தில் அசையும் ஒளிக்கு 'லூமியா' என்று தனிப்பெயர் இட்டார். 'கிளாவிலக்ஸ்' என்ற தம் கருவியோடு 1922 சனவரியில் நியூயார்க்கில் முதல் பொதுநிகழ்ச்சி நடத்தினார். 1930இல் வீடுகளுக்கென்றே 'கிளாவிலக்ஸ் ஜூனியர்' செய்தார்: மரப்பெட்டி, அதில் ஒரு திரை, திரையில் மெல்ல உருமாறும் நிறங்கள். தொலைக்காட்சி வீட்டுக்குள் வருமுன்பே அதன் உருவத்தில் வந்த பெட்டி அது. மிகச் சிலவே செய்யப்பட்டன. வில்ஃபிரெட்டின் ஆக்கங்களில் எஞ்சியவற்றைத் திரட்டி 2017இல் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம் ஒரு கண்காட்சி நடத்தியது. அதற்காக அவற்றைப் பழுதுபார்த்து ஓடவைப்பதே தனியொரு ஆய்வுப்பணியாக இருந்தது.

இத்தனையும் தனி மேதைகளின் கதை. இந்தியாவில் நிற ஒளி வேறு வழியில் வந்தது. வீட்டுக்குள் அது வெகுகாலம் படுக்கையறையின் 'ஜீரோ வாட்' பல்பாக மட்டுமே இருந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்துக்கொன்றாக விற்ற அது உண்மையில் 12 முதல் 15 வாட் எடுக்கும். அந்தக் காலத்து மின்மானிகள் அவ்வளவு சிறிய ஓட்டத்தைக் கணக்கில் கொள்ளாததால் பெயரில் 'ஜீரோ' ஒட்டிக்கொண்டது. கேளிக்கைக்கான நிற ஒளி தெருவில் இருந்தது: திருவிழா, திருமணம், பூசைப் பந்தல். தமிழில் நாம் சீரியல் செட் என்கிறோம். 'சீரீஸ்' இணைப்பிலிருந்து வந்த சொல், மாலை நேரத் தொலைக்காட்சித் தொடரோடு ஒலியொத்துப் போனது.

அந்தத் தெருவொளியின் தலைநகர் மேற்கு வங்கத்தின் சந்தன்நகர். ஹூக்ளிக் கரையில், பாண்டிச்சேரியைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சிறு நகரம். காஸ்தெலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜகத்தாத்திரி பூசை ஊர்வலத்துக்காக அங்கே வளர்ந்த விளக்குத் தொழிலில் ஸ்ரீதர் தாஸ் போன்ற கலைஞர்கள் பெயர்பெற்றார்கள். சிப்பும் கணினியும் இல்லாத காலத்தில் ஓடும் மயிலையும் பறக்கும் விமானத்தையும் விளக்குகளால் காட்டியது 'ரோலர்' என்ற மர உருளை. உருளைமேல் செம்புத் தகடுகளை வெட்டி ஒட்டுவார்கள். உருளை சுழலச் சுழல, தகடு தொடும் இணைப்புகள் உயிர்பெறும். அந்த வரிசை பல்புகள் எரியும். தகட்டின் நீளமே ஒளியின் கால அளவு. தகடில்லாத இடம் மௌனம். அந்த உருளை ஓர் எழுத்து என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஒரு பட்டறையில் செய்த உருளையை அடுத்த பட்டறைக்காரர் பார்த்தவுடனே படித்துவிடுவார். ஸ்க்ரியாபின் தாளில் எழுதியதை இவர்கள் மரத்தில் எழுதினார்கள். எழுதியவர் போனபின்பும் படிக்க ஆள் இருந்தது.

அடுத்த காலகட்டத்தை விரைந்து கடக்கலாம், எல்லோரும் அறிந்ததே. 1962இல் நிக் ஹோலன்யாக் சிவப்பு எல்இடியைக் காட்டினார். பச்சையும் வந்தது, நீலம் முப்பதாண்டு காக்கவைத்தது. ஜப்பானில் அகசாகி, அமானோ, நகமுரா ஆகியோரின் உழைப்பில் 1990களின் தொடக்கத்தில் பிரகாசமான நீலம் கிட்டியது. 2014இல் மூவருக்கும் நோபல் பரிசு. மூன்று நிறமும் கையில் வந்ததும், ஒவ்வொன்றையும் 256 படிகளில் கூட்டிக் குறைத்தால் ஏறத்தாழ 1.67 கோடி நிறங்கள். விளம்பரங்கள் சொல்லும் கோடி நிறங்களின் கணக்கு இதுதான்.

அந்த 256 படிகள் வெறும் கணினி வழக்கம் அல்ல. மேடை விளக்குக்காரர்களும் அதே கணக்கில்தான் பேசினார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் விளக்கும் வேறு மொழி பேசியதால் அலுத்துப்போய், அமெரிக்க நாடகத் தொழில்நுட்ப அமைப்பு 1986இல் 'டிஎம்எக்ஸ் 512' என்ற பொது நெறியை வகுத்தது. ஒரு கம்பியில் 512 தடங்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண். நாற்பதாண்டுகளை நெருங்கியும் உலக அரங்குகள் இன்றும் அதில் பேசுகின்றன. ஒரு நிறுவனம் மூடிவிட்டால் அதன் விளக்கு ஊமையாவதில்லை.

வீட்டுக்குள் வந்தபோது ஏனோ பழைய பிழைக்கே திரும்பினோம். 2012 அக்டோபரில் பிலிப்ஸ் 'ஹியூ' வெளிவந்தது: மூன்று பல்பும் ஓர் இணைப்புப் பெட்டியும் 199 டாலர். பின்னர் வந்த பல மலிவான விளக்குகளோ நேராக நிறுவனத்தின் சர்வரையே நம்பின. என் கையிலுள்ள கைப்பேசி சொல்வது, ஐந்தடி தொலைவிலுள்ள விளக்கை எட்டுமுன் எங்கோ ஒரு நகரத்துக்குப் போய்த் திரும்பும். 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் 'இன்ஸ்டியான்' முன்னறிவிப்பின்றித் தன் சர்வரை அணைத்தது. அதைப் பயன்படுத்திய சிலரே பின்னர் நிறுவனத்தை விலைக்கு வாங்கி மீண்டும் உயிர்ப்பித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் 'மேட்டர்' என்ற பொதுநெறியின் முதல் பதிப்பு வெளியானது. ஏற்றுதல், அணைத்தல், ஒளியளவு, நிறம் ஆகியவை அதில் அடங்கும். திரைக்காட்சியோடு நொடிக்குப் பலமுறை ஒத்துமாறும் வேலை மட்டும் இன்னும் அவரவர் சொந்த வழியிலேயே நடக்கிறது. கேளிக்கை என்று வந்தால் நாம் இன்னும் காஸ்தெலின் அறையில்தான்.

இதில் எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்று. நம் வீட்டுச் சுவரின் பல்பு ஹோல்டரைப் பாருங்கள். இரண்டு பின் கொண்ட 22 மில்லிமீட்டர் மூடி, பிரிட்டிஷ் காலத்து வழக்கம். எந்த நிறுவனத்தின் பல்பும் அதில் பொருந்தும். 2015இல் தொடங்கிய உஜாலா திட்டம் கோடிக்கணக்கான வீடுகளுக்கு எல்இடி பல்பைக் கொண்டுசேர்த்தது. 2014இல் 310 ரூபாயாக இருந்த அரசுக் கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. அந்த வேகத்துக்குப் பின்னால் யாரும் பேசாத ஒரு துணை, எல்லா வீட்டிலும் அதே ஹோல்டர் இருந்தது. பித்தளை மூடியில் நூறாண்டுக்கு முன் முடித்த பேச்சை, செயலியில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.

கத்தரிப்பூ நிறம் தாளாமல் சென்ற ஞாயிறு, பட்டையைச் சுருட்டிக்கொண்டு சாந்தினி சௌக்கின் பகீரத் பேலஸ் சந்தைக்குப் போனேன். ஒருகாலத்தில் பேகம் சம்ருவின் மாளிகை. இன்று அதைச் சுற்றிலும் மின்பொருள் கடைகள். கடைக்காரர் பட்டையின் முனையைப் பார்த்தார். 'நாலு கம்பிதானே பையா,' என்றார். ஒன்று 12 வோல்ட், மற்ற மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம். செயலியோடு பேசிய பெட்டியைக் கத்தரித்து எறிந்துவிட்டு, 44 பொத்தான் கொண்ட ரிமோட்டோடு ஒரு சிறு கன்ட்ரோலரை இணைத்தார். 180 ரூபாய். சரியாக இருக்கிறதா என்று காட்ட அந்த ரிமோட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். என் பட்டையோடு, கடைச்சுவரில் தொங்கிய வெவ்வேறு நிறுவனங்களின் ஏழெட்டுப் பட்டைகளும் ஒன்றாகச் சிவந்தன.

பெட்டியில் ஒரு சின்ன மைக் உண்டு. பாட்டுக்கேற்ப நிறம் மாறும். சமையலறையில் குக்கர் விசிலடித்தாலும் மாறுகிறது. எந்தச் சத்தத்துக்கு எந்த நிறம் என்பதில் மட்டும் எங்கள் மூவருக்கும் இன்னும் ஒத்த கருத்து இல்லை.