குளத்தங்கரைச் சிறுமியும் அவளுக்குப் பின் வந்தோரும்

நம் சங்கத்தின் கதை வாசிப்புக் குழுவில், சென்ற தைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வ. வே. சு. ஐயர் எழுதிய ‘குளத்தங்கரை அரசமரம்’ வாசிக்கப்பெற்றது. வாசித்து முடிந்ததும் பெரியோர்கள், தமிழின் முதற் சிறுகதை அதுதானா அன்றா என்னும் பழைய வழக்கைத் தொடங்கிவிட்டார்கள். அவ்வேளையில் பத்தாம் வகுப்பிற் பயிலும் ஒரு பெண் எழுந்து, “மாமா, எல்லாவற்றையும் மரமே சொல்கிறதே, ருக்மிணி ஏன் வாய் திறக்கவில்லை?” என்று வினவினாள். அவையில் எவருக்கும் விடை தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை. அன்று பட்ட கடனை இம்மலரில் ஓரளவேனும் தீர்க்க முயல்கிறோம்.

அக்கதை 1915 ஆம் ஆண்டில் ‘விவேகபோதினி’யில் வெளிவந்தது. ருக்மிணி என்னும் சிறுமிக்கும் நாகராஜன் என்னும் சிறுவனுக்கும் மணம் நடந்துவிடுகிறது. அக்காலத்து உயர்சாதி இல்லங்களில் மணம் என்பது வேறு, குடிபுகுதல் என்பது வேறு. தாலி ஏறிய பின்னும் பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். பூப்பெய்திய பின்னரே கணவன் வீடு செல்வாள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளே அவளுடைய குமரிப் பருவம் முழுவதும். அவள் அப்போது மகளும் அல்லள், மருமகளும் அல்லள், ஒரு காத்திருப்பு.

அந்தக் காத்திருப்பின் நடுவிலேதான் இடி விழுகிறது. 1906 ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. வட்டிக்கு ஆசைப்பட்டுப் பணம் போட்டிருந்த எண்ணற்ற நடுத்தரக் குடும்பங்கள் ஒரே நாளில் ஆண்டியாயின. வரலாற்று நூல்கள் அதனை வணிகச் செய்தியாக எழுதிச் செல்லும். ஐயரோ அதனை ஒரு சிறுமியின் தலையெழுத்தாக எழுதினார். ருக்மிணியின் தந்தை காமேசுவரையர் செல்வம் இழக்க, சம்பந்தி வீட்டாரின் முகம் மாறுகிறது. மகனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். நாகராஜன் மனம் மாறியவன் அல்லன்; பெற்றோருக்குப் பாடம் புகட்ட எண்ணி, மணமேடை வரை சென்று மறுத்துவிடுவதாகத் தனக்குள் ஒரு நாடகம் வகுத்திருக்கிறான். அதனை ஒரு நண்பனிடம் சொன்னவன், மனைவியிடம் சொல்லவில்லை. அவள் குளத்தில் இறங்கிவிடுகிறாள்.

இதைப் படிப்போர் பெரும்பாலும் மாமியாரையே வைவார்கள். நாம் அந்தப் பிள்ளையையே நோகிறோம். அவன் நல்லவன்தான். ஆயினும் அவள் வாழ்வைப் பற்றிய இரகசியத்தை அவளுக்கே மறைத்து, அதை வேடிக்கை என்று எண்ணினான் அல்லவா?

இக்கதைக்குப் பின்னே இரண்டு செய்திகள் உண்டு. தாகூர் 1884 இல் வங்காளியில் எழுதிய ‘காட்டேர் கதா’ என்னும் சிறுகதையிலும் கங்கைப் படித்துறையே பேசுகிறது. சிறு வயதிற் கைம்பெண்ணான குசும் என்பாள் இறுதியில் ஆற்றிலே இறங்குகிறாள். ஐயர் அதன் சாயலைக் கொண்டார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சாயல் கொண்டதில் இழுக்கொன்றும் இல்லை. வங்கத்தில் கல் பேசிற்று, தமிழில் மரம் பேசிற்று. இரண்டிடத்தும் பெண் பேசவில்லை. மற்றொரு செய்தி, பத்திரிகையில் வந்தபோது அக்கதை ஐயரின் துணைவியார் பாக்கியலட்சுமி அம்மாள் பெயரைத் தாங்கியே வந்தது என்பது. கதையுள் இருக்கும் பெண்ணுக்குக் குரல் இல்லை. கதையின் தலைப்பிலே மட்டும் ஒரு பெண்ணின் பெயர். 1925 இல் பாபநாசத்து அருவி நீரிற் சிக்கிய தம் மகள் சுபத்திரையைக் காக்கப் புகுந்து ஐயரும் உயிர் துறந்தார். அதை அறிந்த பின் அக்கதையை முன்போல் நம்மால் வாசிக்க இயலவில்லை.

பெண் தானே தன் கதையைச் சொல்வதாக எழுதும் துணிவு அதற்கு முன்னரே ஒருவருக்கு இருந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. 1903 இல் அ. மாதவையா வெளியிட்ட ‘முத்துமீனாக்ஷி’ ஒரு பிராமணப் பெண் தன் வரலாற்றைத் தானே கூறும் முறையில் அமைந்தது. ஆனால் அது நாவல், எழுதியவரும் ஆடவர். மெய்யாகவே ஒரு பெண் சொல்லிப் பிறந்த எழுத்துக்கு வை. மு. கோதைநாயகி அம்மாளைச் சொல்ல வேண்டும். ஆறு வயதுகூட நிரம்பாமல் மணமான அவர், எழுதப் பழகுமுன் தம் முதற் படைப்பைத் தோழி பட்டம்மாளிடம் வாயாற் சொல்ல, தோழி எழுதினார். 1925 இல் ‘ஜகன்மோகினி’யின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று நெடுங்காலம் நடத்தினார்.

இதற்கிடையே சட்டமும் மெல்ல நகர்ந்தது. 1929 இல் இயற்றப்பட்டு 1930 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணின் மண வயதைப் 14 ஆக வைத்தது. 1949 இல் அது 15 ஆயிற்று. 1978 இல் 18 ஆயிற்று. வயது ஏற ஏற, பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்லும் கன்னிப்பெண் என்னும் புதியவள் ஒருத்தி வீட்டுக்குள் தோன்றினாள். அவளை என்ன செய்வதென்று வீட்டாருக்குத் தெரியவில்லை. கதையாசிரியர்களுக்கும் முதலிற் தெரியவில்லை.

அத்தகைய ஒருத்திதான் 1966 இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேச’த்தில் மழையில் பேருந்துக்குக் காத்து நிற்கிறாள். அறியாதவன் ஒருவனுடைய காரில் ஏறிக் கெட்டு வீடு திரும்புகிறாள். தாய் முதலிற் பதறி அடிக்கிறாள். பின்பு மகளை உட்கார வைத்துத் தலையில் நீர் வார்த்து, நீ தூயவள் என்கிறாள். ருக்மிணியை விழுங்கிய நீர் இங்கே ஒருத்தியை மீட்கிறது. தமிழகம் கொதித்தது. ஆசிரியர் பின்னர், அத்தாய் அவ்வாறு செய்யாது ஊரறியக் கதறியிருந்தால் அம்மகள் என்னாவாள் என்று எண்ணி, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். அதற்கு 1972 இல் சாகித்திய அகாதெமிப் பரிசும் கிடைத்தது. ஆயினும் நம் மாணவியின் வினா இங்கும் நிற்கிறது: சிறுகதையிற் தீர்ப்புச் சொல்பவள் தாய்தானே, மகள் அல்லளே!

அவ்வினாவுக்கு நேர்விடை கூறும் கதை 1970-களில் வந்தது. அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ என்பதில் பூப்பெய்திய சிறுமியே “நான்” என்று பேசுகிறாள். தாய் ஊரில் இல்லாத நாளில் அது நேர்கிறது. தனக்கு என்ன நேர்ந்தது என்று அவளுக்கு எவரும் தெளியச் சொல்லவில்லை. அம்மா வருவாள், அஞ்சாதே என்பாள் என்று காத்திருக்கிறாள். தாயோ, உறவுப் பெண்ணுக்குப் பார்த்த வரன் நிறம் கறுப்பென்று தட்டிப்போன கசப்புடன் திரும்பி, இதற்குள் உனக்கென்ன அவசரம் என்னும் பொருள்பட ஒரு சொல் சொல்கிறாள். கொலை அவ்வளவே. குளமும் இல்லை, காரும் இல்லை. கறுப்பு நிறமுடைய அச்சிறுமி தன்னை அழகி என்று நம்பிய கடைசி நாள் அது.

அம்பை கோவையிற் பிறந்து, பம்பாயிலும் பெங்களூரிலும் வளர்ந்து, தில்லியிற் பயின்று, மும்பையில் வாழ்பவர். நம்மைப் போன்ற காலனிகளின் படிக்கட்டுகளையும் அடுக்களைகளையும் அறிந்தவர். 2021 இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது நம் சங்கத்தில் இனிப்பு வழங்கினோம். கதையை எத்தனை பேர் படித்திருந்தோம் என்று அன்று எவரும் கேட்டதில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் அக்கதையை வாசிக்க முன்வந்தவள் அந்த மாணவியே. பாதியில் அவள் குரல் சற்றுத் தடுமாறியது. பின்வரிசையில் அவள் தாயார் கையிலிருந்த காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டார். முடிந்த பின் எவரும் முதற் சிறுகதை வழக்கைத் தொடங்கவில்லை. சங்க நூலகத்துக்குரிய அந்நூல் தாயும் மகளும் கொண்டு சென்றபடி இன்னும் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. தவணை கடந்துவிட்டது, நூலகப் பொறுப்பாளர் கேட்கவும் இல்லை.