வயதுவந்தோர் வாழ்வுக்கான ஆயத்தம் (இங்கிலாந்து)

சிறப்புக் கல்வித் தேவையுள்ள மாணவர்கள் பள்ளியைக் கடந்தபின் வேலை, வீடு, நட்பு, உடல்நலம் என்று தம் வாழ்வைத் தாமே அமைத்துக்கொள்ளப் பழக்கும் ஏற்பாடு. 2014ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டம் இதற்கு அடிப்படை. தேவை மிகுந்த பிள்ளைக்குக் கல்வி, உடல்நலம், சமூகப் பராமரிப்பு மூன்றையும் இணைத்து ஒரே திட்டம் வகுக்கப்படுகிறது. கல்வித் தேவை தொடர்ந்தால் அது 25 வயது வரை நீளலாம்.

திட்டம் ஆண்டுதோறும் மறுஆய்வுக்கு வரும். ஒன்பதாம் வகுப்பு முதல், அதாவது 13, 14 வயதிலேயே, அந்த ஆய்வில் எதிர்கால வாழ்வும் பேசப்பட வேண்டும். இவ்வளவு முன்னதாகத் தொடங்குவது சரியே. பேருந்தில் தனியே போய்வருவது, மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவது, மருந்தை நேரத்துக்கு எடுத்துக்கொள்வது ஆகியவை சிலருக்குப் பல ஆண்டுப் பழக்கத்தில்தான் கைவரும்.

கட்டாயப் பள்ளி வயது முடிந்ததும், திட்டம் தொடர்பான பல உரிமைகள் பெற்றோரிடமிருந்து இளையவருக்கே மாறுகின்றன. ஒருவரால் முடிவெடுக்க இயலாது என்று நிறுவப்படாதவரை, இயலும் என்றே கொள்ள வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம். விவேகமற்றதாகத் தோன்றும் முடிவு மட்டுமே இயலாமைக்குச் சான்றாகாது. காலமெல்லாம் பிள்ளைக்காகப் பேசிவந்த தாய் தந்தையருக்கு இது எளிதன்று. ஆயினும் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இதுவே.

வேலைக்கான வழிகளில் குறிப்பிடத்தக்கது ஆதரவுடன் கூடிய பணிப்பயிற்சி. இது முதன்மையாக, மேற்சொன்ன ஒருங்கிணைந்த திட்டம் பெற்ற 16 முதல் 24 வயதினருக்கானது. குறைந்தது ஆறு மாதம், பெரும்பகுதி நேரம் பணியிடத்திலேயே, வழிகாட்டி ஒருவரின் துணையோடு கற்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் ஊதியமில்லை. ஊதியமுள்ள வேலையில் அமர்வதே இலக்கு.