பராமரிப்பு இல்ல ஆய்வு, இங்கிலாந்து

இங்கிலாந்தில் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தங்கி வாழும் பராமரிப்பு இல்லங்களைச் சோதிப்பது பராமரிப்புத் தர ஆணையம். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இது 2009 ஏப்ரலில் பணியைத் தொடங்கியது. இதனிடம் பதிவு செய்யாமல் இல்லம் நடத்துவது குற்றம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனி அமைப்புகள் உண்டு.

ஆய்வாளர் பெரும்பாலும் சொல்லாமல்தான் வருவார். பாதுகாப்பு, பயன், பரிவு, தேவைக்கேற்ற கவனிப்பு, நிர்வாகம் என ஐந்தையும் பார்த்து, ‘மிகச் சிறப்பு’ முதல் ‘போதாது’ வரையான நான்கில் ஒரு தரம் இடப்படும். 2015 ஏப்ரல் முதல் அதை வருவோர் கண்ணில் படும்படி வைப்பது கட்டாயம்.

மருந்துப் பதிவேட்டில் கையொப்பம் விடுபட்ட ஒரு கட்டம்கூட விசாரிக்கப்பட வேண்டியது. குளிக்கும் வெந்நீர் 44 பாகை செல்சியசைத் தாண்டக் கூடாது, மாடிச் சன்னல் 100 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கக் கூடாது என்பவை பாதுகாப்பு வழிகாட்டுதல்கள்.

மறதிநோய் முற்றிப் பேச்சிழந்தவரிடம் என்ன கேட்பது? அதற்கென பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து உருவாக்கிய கவனிப்பு முறை ஒன்று உண்டு. ஆய்வாளர் கூடத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிடுவார். ஊட்டுபவர் முகம் பார்த்துப் பேசுகிறாரா, முந்தைய கவளத்தை விழுங்கும்வரை காத்திருக்கிறாரா, பேச்சில்லாமல் கரண்டியை மட்டும் நீட்டுகிறாரா என்று குறித்துக்கொண்டே இருப்பார். ஆய்வு முறைகளில் ஆக அருமையானது இதுதான்.

ஆய்வுகளுக்கு இடையே விழும் நீண்ட இடைவெளி பெருங்குறை. ஆணையத்தின் செயல்பாட்டை ஆராய்ந்த பென்னி டாஷ் 2024இல் அளித்த மீளாய்வு அறிக்கையின்படி, மருத்துவமனைகள் உட்பட ஆணையம் ஆய்வு செய்யக்கூடிய இடங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு ஒருமுறைகூடத் தரம் இடப்பட்டிருக்கவில்லை.