கட்டைவிரல் அறிந்த காற்றளவு

அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சூழ்ந்த மானாவாரிக் கரிசல் பரப்பு, 1910-இல் உருவான பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து, 1985-இல் விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்த நிலமாகும். வானம் பார்த்த விளைச்சல் மட்டுமே குடும்பத்தைத் தாங்காத இவ்வட்டாரத்தில், நூல், சேலை மூட்டை, விறகு, கரி, குடிநீர் என ஏதேனும் ஒரு சுமையை ஊருக்கு ஊர் எடுத்துச் செல்வது பிழைப்பின் பகுதியாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அச்சுமையில் பெரும்பங்கைச் சைக்கிள் ஏற்றது. டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பது, அன்றைய சுமை சேருமிடம் போய்ச் சேருமா என்ற கேள்வியோடு பிணைந்திருந்தது.

பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை கரிசல் மண் அறிந்திருந்தது வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையைத்தான். மழைக்குப்பின் குழைந்து ஒட்டும் இம்மண்ணில் ஒடுங்கிய இரும்பு விளிம்பு ஆழப் புதையும். காற்றடைத்த டயரோ, சுமைக்கேற்பத் தட்டையாகி, எடையைக் கூடுதலான பரப்பில் பரப்பிவிடும். 1949-இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவப்பட்டபின், உள்நாட்டிலேயே செய்யப்பட்ட கனமான கறுப்புச் சைக்கிள்கள் சிற்றூர்களையும் எட்டின. 28 அங்குலச் சக்கரமும் ஒன்றரை அங்குல டயரும் உடைய அவ்வண்டி, தானே ஏறத்தாழ 20 கிலோ எடை கொண்டது.

அந்தச் சைக்கிளின் வால்வு தனியே கவனிக்கத்தக்கது. சைக்கிள் கடைகளில் வால்டியூப் என்று வழங்கும் மெல்லிய ரப்பர் குழல், ஒரு சிறு பித்தளைத் தண்டின் பக்கத்துளையைப் போர்த்தியிருக்கும். பம்பிலிருந்து வரும் காற்று அதை விலக்கிக்கொண்டு டியூபுக்குள் புகும், புகுந்த காற்றே அதை அழுத்தி மூடும். இவ்வமைப்பு எளிமையானது, மலிவானது, எந்த ஊரிலும் மாற்றிக்கொள்ளக்கூடியது. ஆனால் உள்ளிருக்கும் காற்று வெளியே வந்து அளவுமானியைத் தொட அது வழிவிடுவதில்லை. ஆகவே, ஒரு சதுர அங்குலத்தின்மேல் காற்று செலுத்தும் அழுத்தத்தைக் குறிக்கும் ‘பவுண்டு’ கணக்கு டயரின் பக்கத்தில் அச்சாகியிருந்தாலும், கடைக்காரர் அதை அளந்து பார்க்க வழியில்லை. கட்டைவிரலால் டயரை அழுத்தி, அது எவ்வளவு இணங்குகிறது என்று உணர்வதே அளவாயிற்று. இதைப் படிப்பறியாதவர் பழக்கம் என்று ஒதுக்குவது தவறு. அளவுமானி ஏற்காத வால்வுக்கு ஏற்ற அளவுமுறை அதுவே.

அந்தக் கட்டைவிரல் தீர்மானித்தது எதை என்பதைக் கணக்கு விளக்கும். டயர் நிலத்தைத் தொடும் பரப்பு, அதன்மேல் விழும் சுமையை உள்ளழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பதற்கு ஏறத்தாழச் சமம். 50 பவுண்டு என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோ, பின்சக்கரத்தில் 60 கிலோ விழுந்தால் 17 சதுர சென்டிமீட்டர் மண்ணில் பதியும். கேரியரின் இருபுறமும் பதினைந்து லிட்டர்க் குடங்கள் நான்கைக் கட்டினால் இன்னொரு 60 கிலோ சேர்ந்து பதியும் பரப்பு இரட்டிப்பாகும். டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நைந்துபோகும், கல்லில் மோதினால் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் டியூப் நசுங்கி வெட்டுப்படும். அதைத் தடுக்கக் காற்றை இருமடங்காக்க அந்த டயர் இடம் தராது. குடம் கட்டிய சைக்கிளை ஏறி ஓட்டாமல் உருட்டிச் செல்லும் வழக்கத்தின் பொருள் இங்கே விளங்கும்: ஆள் இறங்கிவிட்டால் பின்சக்கரத்தின் சுமை ஏறத்தாழ 70 கிலோவுக்குக் குறைந்து, டயர் தன் பழைய நிலைக்கு அருகில் வந்துவிடுகிறது.

வெயிலின்மேல் சுமத்தப்படும் பழி ஓரளவு மிகையானது. காலை 25 பாகையில் 50 பவுண்டு அடித்த டயர், 45 பாகை வெயிலில் நின்றால் நான்கு பவுண்டு மட்டுமே கூடும். சூட்டில் இளகிப் பெயரும் பஞ்சர் ஒட்டும், வெடித்துப்போகும் வால்டியூபும் அதைவிடப் பெரிய தொல்லைகள். அவற்றினும் பெரிது, விறகுக்காகவும் வேலிக்காகவும் பரவி, தரிசையும் கண்மாயையும் நிறைத்துவிட்ட சீமைக்கருவேலின் முள். காற்றின் எந்த அளவும் அம்முள்ளை முழுதாகத் தடுத்ததில்லை. பஞ்சர்க் கடைகளுக்குக் குறையாத வேலையைத் தந்தது அதுவே.

மின்சார சைக்கிள் இப்போது இந்தப் பாதைகளில் வரும்போது, பழைய கணக்கின் உறுப்புகள் இடம் மாறுகின்றன. 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டதாயின் அதற்குப் பதிவு வேண்டியதில்லை. அதன் எடை பழைய கறுப்புச் சைக்கிளைவிடப் பெரிதும் கூடியதன்று. டயர்தான் பல வண்டிகளில் இரண்டு அங்குல அளவுக்கு அகன்றிருக்கிறது. டயர் அகலமானால் குறைந்த காற்றே அதே விறைப்பைத் தரும் என்பதால், ஒன்றரை அங்குலத்தில் 50 பவுண்டு செய்த வேலையை இரண்டு அங்குலத்தில் ஏறத்தாழ 38 பவுண்டு செய்யும். 75 கிலோ எடையுள்ளவர் தனியே ஓட்டினால் முன்னே 35, பின்னே 40 என்று தொடங்கி, கேரியரில் மூட்டை ஏறும்போது டயரில் அச்சிட்ட உச்சவரம்புக்குள் பின்சக்கரத்தை மட்டும் உயர்த்துவதும், சரளைப் பாதையில் சில பவுண்டுகள் தளர்த்துவதும் பொருந்தும். இவ்வண்டிகளில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளுக்குரிய வால்வே இருப்பதால், பெட்ரோல் பங்கின் அளவுமானியே போதும்.

அளப்பது எளிதான அதே நேரத்தில் உணர்வது கடினமாகியிருக்கிறது. காற்று இறங்கிய பழைய சைக்கிளை மிதிப்பவரின் தொடை உடனே அறியும். மின்சார சைக்கிளில் அந்த இழுவையை மோட்டார் ஏற்றுக்கொள்வதால், பேட்டரி வழக்கத்துக்கு முன்பே தீரும்போதுதான் குறை தெரியவருகிறது. பஞ்சர் வேலையில் மட்டும் பழைய தொழில்நுணுக்கம் அப்படியே பயன்படுகிறது. சக்கரத்தைக் கழற்றாமல் டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, டியூபை வெளியே இழுத்து, தண்ணீர்த் தொட்டியில் குமிழி பார்த்து ஒட்டும் முறையை இவ்வூர்க் கடைக்காரர்கள் நெடுங்காலமாகக் கையாள்கின்றனர். பின்சக்கர அச்சில் மோட்டாரும் கம்பியும் பொருத்தப்பட்ட வண்டிக்கு அதைவிட ஏற்ற முறை இல்லை.