முன்ஷியின் முன் அமர்ந்த பாதிரியார்கள்

அயல்நாட்டுக்குச் சமயம் பரப்பச் சென்றவர்களைப் பற்றிய வரலாறுகள், அவர்கள் அங்கு எதைக் கற்பித்தார்கள் என்பதையே பெரிதும் விரித்துரைக்கின்றன. அவர்கள் அங்கு எதைக் கற்றார்கள், யாரிடம் கற்றார்கள் என்பதை ஓரிரு வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. ஆனால், புதிய மண்ணில் காலூன்றியவருக்கு முதலில் வேண்டியது பிரசங்க மேடை அன்று. குடிக்க நீர் கேட்கவும், சந்தையில் அரிசி வாங்கவும், அண்டை வீட்டாரின் வணக்கத்துக்கு மறுவணக்கம் சொல்லவும் ஒரு மொழி வேண்டும். அம்மொழியைச் சொல்லித்தர ஓர் ஆசிரியர் வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த மூன்று பாதிரியார்களுக்கு அத்தகைய ஆசிரியராக அமைந்தவர் ஒருவரே. அவர்தாம் முன்ஷி அப்துல்லா. மாணவர்கள் ஆசிரியரைப் பற்றி எழுதுவது உலக வழக்கு. இங்கோ ஆசிரியரே தம் மாணவர்களைப் பற்றி எழுதிவைத்துள்ளார். அவருடைய 'ஹிக்காயத் அப்துல்லா' என்னும் தன்வரலாற்று நூல், அயலவர் ஒருவர் இம்மண்ணின் வாழ்வுக்கு எவ்வாறு பழகினார் என்பதை இம்மண்ணின் மகன் ஒருவரின் கண்கொண்டு காட்டுகிறது. அந்தப் பாடத்தின் பயன் இறுதியில் ஜொகூர் அரண்மனை வரை சென்றது என்பதால், இவ்வரலாறு நமக்கு மேலும் நெருக்கமானதாகிறது.

அப்துல்லா மலாக்காவில் கம்போங் பாலி என்னுமிடத்தில் 1796ஆம் ஆண்டளவில் பிறந்தார். அவருடைய முப்பாட்டனார் ஏமன் நாட்டு அரபியர்; நாகூருக்கு வந்து அங்கேயே மணம் புரிந்துகொண்டவர். பாட்டனார் நாகூரிலிருந்து மலாக்காவுக்குக் கடல் கடந்து வந்து, ஷேக் மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். ஆக, அரபு, தமிழ், மலாய் ஆகிய மூன்று மரபுகளும் அவருடைய குருதியில் கலந்திருந்தன. மலாக்காவில் அக்காலத்தில் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாக இருந்தது. துறைமுகத்தில் இந்திய வணிகர்கள் நிறைந்திருந்தமையால் கணக்கு வழக்குக்கும் உரையாடலுக்கும் தமிழே பயன்பட்டது. அப்துல்லாவும் இரண்டரை ஆண்டுகள் தமிழ் கற்றார். பிற்காலத்தில் கோட்டையிலிருந்த இந்தியப் படைவீரர்களுக்கு அவர் மொழியும் சமயமும் கற்பித்தபோது, அவர்கள் அவரை 'முன்ஷி' என்று அழைத்தனர். மொழியாசிரியர் என்னும் பொருளுடைய அச்சொல்லே அவருடைய பெயராக நிலைத்துவிட்டது.

அவரிடம் கற்ற பாதிரியார்களுள் முதலில் குறிப்பிடத்தக்கவர் வில்லியம் மில்ன். ஸ்காட்லாந்தில் 1785இல் எளிய குடும்பத்தில் பிறந்த இவரை இலண்டன் சமயப் பரப்புச் சங்கம் சீனாவுக்கு அனுப்பியது. 1813இல் மக்காவில் வந்திறங்கியவரைப் போர்த்துகீசிய ஆட்சியாளர்கள் அங்குத் தங்கவிடவில்லை. சீன நிலப்பகுதியிலும் சமயப் பணிக்குத் தடை இருந்தது. ஆகவே, 1815ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் மனைவி ரேச்சலுடன் அவர் மலாக்காவுக்கு வந்து சேர்ந்தார். விரும்பித் தேடிய ஊர் அன்று அது. போக்கிடம் இல்லாதபோது கிடைத்த ஊர்.

அங்கே சீனச் சிறுவர்களுக்காக அவர் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்க எண்ணினார். பள்ளிக்கட்டடம் ஏது? வீட்டை அடுத்திருந்த குதிரைக் கொட்டில் வகுப்பறையாக மாற்றப்பட்டது. கட்டணம் இல்லை என்றதும் பெற்றோர் மகிழவில்லை, ஐயுற்றனர். முன்பின் அறியாத வெள்ளையர் ஒருவர் காசு வாங்காமல் கற்பிக்கிறார் என்றால், அதற்குள் ஏதோ உட்கருத்து இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். நல்ல நாள் பார்த்து, சிறுவர்களுக்குப் பலகாரம் வழங்கிப் பள்ளியைத் தொடங்குவது அவர்களின் மரபு. மில்ன் அம்மரபை மதித்தார். 1815ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஐந்தே மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. விசயதசமியன்று ஏடு தொடங்கும் வழக்கமுடைய நமக்கு, அந்தச் சீனப் பெற்றோரின் உள்ளம் எளிதில் விளங்கும். இலண்டனில் இருந்தவர்களுக்கு அது மூடப்பழக்கமாகத் தோன்றியிருக்கக்கூடும். மலாக்காவில் வாழ வந்தவருக்கோ, அதுவே ஊராரின் வீட்டு வாயில் திறக்கும் முறை என்பது விளங்கியது.

அப்துல்லா மில்னுக்கு மலாய் கற்பித்தார். மில்ன் அப்துல்லாவுக்கு ஆங்கிலம் கற்பித்தார். ஒருவர்க்கொருவர் ஆசிரியரும் மாணவருமாக விளங்கிய உறவு அது. மில்னின் இன்சொல்லையும் பொறுமையையும் அப்துல்லா தம் நூலில் மனமாரப் புகழ்கிறார். 1818ஆம் ஆண்டு நவம்பரில் ஆங்கில-சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால், மில்னின் இல்வாழ்வு நிலைக்கவில்லை. 1819இல் ரேச்சல் மறைந்தார். தாயற்ற சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு, கல்லூரிப் பணி, அச்சுப் பணி, மொழிபெயர்ப்புப் பணி ஆகிய மூன்றையும் சுமந்த மில்ன், 1822ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் மலாக்காவிலேயே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 37. புதிய மண்ணுக்குப் பழகுதல் என்பது உணவும் வெயிலும் பற்றிய செய்தி மட்டுமன்று. தம் அன்புக்குரியோரை அம்மண்ணில் அடக்கம் செய்துவிட்டு மறுநாள் பணிக்குத் திரும்புவதும் அதில் அடங்கும்.

இரண்டாமவர் கிளாடியஸ் ஹென்றி தாம்சன். ஜெர்மானிய மண்ணைச் சார்ந்த இவர், 1815இல் மலாய்ப் பணிக்கென்றே மலாக்காவுக்கு அனுப்பப்பட்டவர். 1822இல் சிங்கப்பூருக்குச் சென்றார். இவருக்கு உழைப்பில் குறைவில்லை. ஆயினும், ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே ஒரு பெரும் பிணக்கு இருந்தது. விவிலியப் பகுதிகளை மலாயில் பெயர்த்துத் திருத்தும் பணியில் இருவரும் ஈடுபட்டிருந்தபோது, தாம்சன் சொற்களை மட்டும் மலாயில் எடுத்துக்கொண்டு, வாக்கியத்தைத் தம் மொழியின் போக்கிலேயே அமைக்க விரும்பினார். 'இது மலாய் வழக்கு அன்று' என்பது அப்துல்லாவின் வாதம். 'மூலத்தில் உள்ளது இதுவே' என்பது தாம்சனின் நிலை. ஆசிரியர் கற்பித்தவர், மாணவரோ ஊதியம் கொடுத்தவர். இறுதிச் சொல் யாருடையதாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்துல்லாவின் மனவருத்தம் நியாயமானது. அந்நூலைக் கையில் எடுக்கும் மலாய் மக்கள் தாம்சனைக் குறைகூறப்போவதில்லை. 'முன்ஷிக்கு மலாய் தெரியவில்லை' என்றே இகழ்வார்கள். ஒரு மொழியாசிரியருக்கு இதனினும் பெரிய இழுக்கு வேறில்லை. ஆகவேதான், அப்பிழைகள் தம்முடையவை அல்ல என்பதைத் தம் நூலில் அவர் பதிவு செய்ய நேர்ந்தது. தாம்சன் பல்லாண்டுகள் மலாய்ச் சொற்களோடு வாழ்ந்தார். ஆனால், திருத்தப்படுவதற்கு அவர் இசையவில்லை. சொல்லைக் கற்பதும் மொழியைக் கற்பதும் ஒன்றல்ல என்பதற்கு அவருடைய வாழ்வே சான்று.

இச்சிக்கல் மலாய் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இதே இலண்டன் சங்கம் 1816இல் ராபர்ட் மொஃபாட் என்னும் இளைஞரைத் தென் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. அவர் குருமான் என்னுமிடத்தில் சுவானா மக்களிடையே தங்கினார். தொடக்க ஆண்டுகளில் அவர் டச்சு மொழியில் பேச, உரைபெயர்ப்பாளர் ஒருவர் அதை மக்களுக்கு எடுத்துரைத்தார். தாம் சொன்னது ஒன்றாகவும் மக்கள் கேட்டது வேறொன்றாகவும் இருப்பதை மொஃபாட் நாளடைவில் உணர்ந்தார். 1827இல் அவர் தம் குடும்பத்தை விட்டுப் பிரிந்து, சுவானா மொழி மட்டுமே வழங்கும் மக்களோடு சில வாரங்கள் தங்கி, அவர்கள் உண்டதை உண்டு, அவர்களோடு பேசிப் பழகி மொழியைக் கற்றுக்கொண்டார். 1857இல் விவிலியம் முழுவதையும் அவர் அம்மொழியில் பெயர்த்து முடித்தார். பத்தாண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்த பின்னும் அவர் மாணவராக அமரத் தயங்கவில்லை. தாம்சனிடம் காணப்படாத பண்பு இதுவே.

மூன்றாமவர் பெஞ்சமின் பீச் கீஸ்பெரி. 1805இல் இந்தியாவின் ஹைதராபாத்தில் பிறந்த இவர், ஜாவாவில் வாழ்ந்து, அமெரிக்காவில் சமயக் கல்வி பெற்று, 1837இல் சிங்கப்பூருக்கு வந்தார். இவரும் அப்துல்லாவிடம் மலாய் பயின்றார். 1843இல் சிங்கப்பூரில் மலாய் மக்களுக்கென ஒரு சிற்றாலயம் எழுப்பினார். ஊரார் அதனை 'கிரேஜா கீஸ்பெரி' என்றே அழைத்தனர்.

1842இல் ஏற்பட்ட நான்கிங் உடன்படிக்கையால் சீனத் துறைமுகங்கள் திறக்கப்பட்டன. சீனாவுக்குள் நுழைய இயலாமல் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் காத்திருந்த சங்கம், தன் ஆட்களையும் அச்சுக்கருவிகளையும் அங்கு மாற்றத் தொடங்கியது. கீஸ்பெரி மட்டும் செல்ல மறுத்துவிட்டார். சங்கத்தின் ஊதியம் இன்றியே வாழ வேண்டிய நிலை வந்தபோது, அச்சுக்கூடத்தைத் தம் வாழ்வாதாரமாக்கிக்கொண்டார். தம் பள்ளியில் பயின்ற மலாய்ச் சிறுவர்களுக்கு எழுத்தறிவோடு அச்சுக் கோக்கவும், கல்லச்சுப் பதிக்கவும், நூல் கட்டவும் கற்பித்தார். அப்துல்லாவின் தன்வரலாறு 1849இல் அச்சேறியது கீஸ்பெரியின் துணையால்தான். மாணவர் தம் ஆசிரியருக்குச் செலுத்திய காணிக்கை என்று அதனைக் கொள்ளலாம்.

அப்பள்ளியில் பயின்ற சிறுவர்களுள் ஒருவர் தெமெங்கோங் இப்ராஹிமின் மைந்தர் அபு பக்கார். 1833இல் தெலுக் பிளாங்காவில் பிறந்த இவர், 1862இல் தந்தைக்குப் பின் பொறுப்பேற்று, 1868இல் ஜொகூர் மகாராஜாவாகவும், பின்னர் சுல்தானாகவும் உயர்ந்தார். மலாய் மரபில் ஊன்றி நின்றவாறே ஆங்கிலேயரோடு அவர்கள் மொழியிலேயே உரையாடி, ஜொகூரின் தனித்தன்மையைத் தம் காலம் முழுவதும் காத்த மன்னர் அவர். அதனால்தான் அவரை 'நவீன ஜொகூரின் தந்தை' என்று வரலாறு போற்றுகிறது. முன்ஷி அப்துல்லாவின் மைந்தர் முகமது இப்ராஹிமும் ஜொகூர் அரசில் உயர்பதவி வகித்துத் தம் பயணங்களை நூலாக எழுதினார். ஆசிரியரின் மகனும் அம்மாணவர் கற்பித்த மாணவரும் ஒரே அரசில் பணியாற்றிய காட்சி எண்ணி மகிழத்தக்கது.

கீஸ்பெரி 1875ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், தாம் எழுப்பிய அந்த ஆலயத்தில் மலாய் மொழியில் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே சாய்ந்து உயிர்நீத்தார். ஏறத்தாழ 38 ஆண்டுகள் சிங்கப்பூரில் வாழ்ந்த அவர் திரும்பிச் செல்வதற்கென ஓர் ஊரைத் தேடவில்லை.

இனி, ஆசிரியர் கொடுத்த விலையையும் நோக்க வேண்டும். பாதிரியார்களோடு பழகியமையால் ஊரார் அவரை 'அப்துல்லா பாதிரி' என்று எள்ளினர். அவர் மதம் மாறிவிடுவார் என்று அஞ்சியோரும் உண்டு. ஆயினும், அவர் இறுதிவரை இஸ்லாமிய நெறியிலேயே நின்றார். 1854இல் ஹஜ் கடமையை நிறைவேற்றப் புறப்பட்ட பயணத்தில் அரபு மண்ணிலேயே காலமானார். பிறர் சமய நூலின் மொழியைத் திருத்திக் கொடுத்தவர், தம் சமயத்தை ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. பாதிரியார்கள் இந்நாட்டுக்குப் பழகியதைப் பற்றி மட்டும் பேசுவது வரலாற்றின் ஒரு பாதியே ஆகும். அவர்களைத் தம் வீட்டு வாயிலில் ஏற்று, ஊரார் பழியையும் தாங்கிக்கொண்டு அவர்களுக்குப் பழகிக்கொடுத்த அப்துல்லாவின் வாழ்வே மறுபாதி.

மூன்று பாதிரியார்களும் எதிர்பார்த்து வந்த சமய அறுவடை மலாய் மக்களிடையே மிகச் சிறிதே. ஆனால், அவர்கள் மாணவராக அமர்ந்த இடங்களில் எல்லாம் ஏதோ ஒன்று நிலைத்து நின்றது. மில்ன் அமர்ந்த இடத்தில் ஒரு கல்லூரி எழுந்தது. கீஸ்பெரி அமர்ந்த இடத்தில் ஒரு பள்ளியும், ஒரு நூலும், ஒரு நாட்டை ஆளப்போகும் இளைஞரின் கல்வியும் உருவாயின. தாம்சன் எழுந்து நின்று வாதிட்ட இடத்தில், திருத்தப்படாத வாக்கியங்கள் எஞ்சின.

கடல் கடந்து வந்து இந்நாட்டைத் தாயகமாக்கிக்கொண்ட சமுதாயத்தவர் நாம். அண்டை அயலாரின் மொழியை நம் பிள்ளைகள் தேர்வுக்காக மட்டுமே கற்பார்களானால், அவர்கள் தாம்சனின் வழியில் நிற்பவராவர். பிழை திருத்துபவரை ஆசானாக ஏற்று, அவரோடு உறவாடிக் கற்பார்களானால், நாகூர் வழிவந்த முன்ஷி ஒருவர் இம்மண்ணுக்கு விட்டுச்சென்ற பாடத்தைக் கற்றவராவர்.