அற்புதம் புகாரில், வாதம் நாகர் மலையில்: மணிமேகலையின் சாதுவன் கதை

அறியாத நாட்டில் தனியே அகப்பட்ட ஒருவன் உயிராபத்திலிருந்து தப்பிப் பெரும்பொருளோடு வீடு திரும்புவது உலகெங்கும் வழங்கும் சாகசக் கதையின் சட்டகம். தமிழில் இதன் பழைய வடிவங்களுள் ஒன்று மணிமேகலையின் 16ஆவது காதையான ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’யில் இருக்கிறது. அமுதசுரபி என்னும் வற்றாத பாத்திரத்தில் முதல் பிச்சையை யாரிடம் ஏற்பது என்ற கேள்விக்கு விடையாக, காயசண்டிகை என்பவள் காப்பிய நாயகி மணிமேகலைக்குச் சொல்லும் கதை அது. ஆகவே அதைச் சாதுவனின் மனைவி ஆதிரையின் கற்புக்குச் சான்றாகவோ, நரமாமிசம் உண்ணும் நாகரைப் பௌத்தம் திருத்திய வரலாறாகவோ படிப்பதே வழக்கம். இவ்விரு வாசிப்புகளிலும் கதையின் நடுவே நடக்கும் உரையாடலுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை. அவ்வுரையாடலில் நாகர் தலைவன் தன் மக்களால் தாங்கக்கூடிய அறம் எது என்று பேசித் தீர்த்துக்கொள்கிறான். அறம் சொல்லும் சாதுவனும் அதற்கேற்பத் தன் அறத்தின் அளவைக் குறைத்துக்கொள்கிறான் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. அற்புதம் எங்கே நிகழ்கிறது?

கணிகையிடமும் சூதிலும் செல்வத்தைத் தொலைத்த சாதுவன், வணிகரோடு வங்கம் ஏறுகிறான். கலம் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு, ஆடையற்று வாழும் நாகரின் மலைப்பக்கம் கரையேறுகிறான். தப்பிவந்த சிலர் அவன் இறந்ததாக அவன் ஊரான புகாரில் சொல்ல, ஆதிரை தீக்குழியில் இறங்குகிறாள். அவள் உடுத்த கூறையையும் தீ தொடவில்லை. பூசிய சாந்தும் சூடிய மாலையும் நிறம் மாறவில்லை. கணவன் உயிரோடிருப்பதாக அசரீரி அறிவிக்கிறது.

சாகசக் கதையில் மாயம் அயல்நிலத்துக்கு உரியது. சொந்த ஊர் நடைமுறை உலகம். மணிமேகலையின் ஆசிரியர் சாத்தனார் இதை மாற்றிப்போடுகிறார். தீ சுடாததும் வானம் பேசுவதும் புகாரில். நாகர் மலையில் இயற்கைக்கு மாறான எதுவும் நடப்பதில்லை. மரநிழலில் களைத்துத் தூங்குபவனை இரையென்று கருதி எழுப்புகிறார்கள். அவர்கள் மொழியிலேயே அவன் பேசியதும் விலகி நின்று வணங்கித் தலைவனிடம் அழைத்துச் செல்கிறார்கள். அவர்கள் மொழியை அவன் கற்றிருந்தான் என்று காப்பியமே காரணம் கூறுகிறது. அது மந்திரத்தால் பெற்ற வரம் அன்று. மணிமேகலைக்கு வான்வழிச் செல்லவும் வேற்றுரு எடுக்கவும் மந்திரம் கிடைக்கச் செய்த புலவர், சாதுவனுக்கு அப்படி ஒன்றும் தராதது கவனத்துக்குரியது.

2. எதிர்க்கேள்வி கேட்கும் தலைவன்

தலைவனைச் சாத்தனார் காட்டும் விதம் இழிவானது. கள் காய்ச்சும் பானை, முடைநாற்றம், காயும் எலும்பு ஆகியவற்றுக்கு நடுவே, பெண்கரடியோடு இருக்கும் ஆண்கரடி போல அவன் துணையோடு இருக்கிறான். இந்தப் பார்வை புகாரின் பார்வை என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவன் வாய் திறந்ததும் நிலைமை மாறுகிறது. கடலில் பசித்து அலைந்து வந்தவன் என்று இரங்கி, இளம்பெண்ணும் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொல்கிறான். அவனறிந்த விருந்தோம்பல் அது. சாதுவன் மறுத்ததும், பெண்ணும் உணவும் இன்றி உலகில் என்ன பயன், இருந்தால் காட்டு என்று சினக்கிறான். வினையும் மறுபிறப்பும் பற்றிச் சொன்னபோது சிரிக்கிறான்; உடலை விட்ட உயிர் இன்னொரு வடிவம் எடுத்துப் புகுவது எப்படி என்று கேட்கிறான். தர்க்கத்தில் இது குறைந்த கேள்வியன்று.

சாதுவன் தரும் விடை நூல் சார்ந்ததாக இல்லை. உயிருள்ள உடல் வலியை உணரும், உயிர் போனபின் வெட்டினாலும் சுட்டாலும் உணராது. ஆகவே போனது ஒன்று உண்டு. உடல் இங்கே கிடக்க உயிர் பல காவதம் சென்று வருவதைக் கனவில் நீயே காண்கிறாய். இரண்டும் தலைவனின் அனுபவத்திலிருந்து எடுத்த சான்றுகள். நிலைத்த ஆன்மா இல்லை என்னும் பௌத்தக் கொள்கையோடு இவ்விடை எளிதில் பொருந்தாது. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் என்னும் சார்பிற்றோற்றத்தைப் பௌத்தத் துறவி அறவண அடிகள் 30ஆவது காதையில் விரித்துரைக்கும் நுட்பத்தை இதே காப்பியத்தில் காண்கிறோம். எனவே இங்குள்ள எளிமையைப் புலவரின் அறியாமை என்று தள்ள இயலாது. கேட்பவனுக்குத் தக்கபடி கொள்கையைத் தளர்த்தும் உத்தி இது.

3. குறைத்துப் பெற்ற அறம்

தலைவன் சாதுவனின் காலில் விழுந்தபின்னும் பேச்சு முடியவில்லை. கள்ளையும் ஊனையும் விட்டால் எங்களால் உயிர்வாழ முடியாது. எங்களுக்கு ஆகும் அறத்தைச் சொல் என்கிறான். சாதுவன் அதை நல்ல கேள்வி என்று ஏற்கிறான். கலம் உடைந்து வருவோரைக் கொல்லாமல் காக்க வேண்டும். மூத்துத் தானே இறந்த விலங்கைத் தவிர எவ்வுயிர்க்கும் தீங்கு கூடாது. கள்ளைப் பற்றி இந்த விதி ஒன்றும் சொல்லவில்லை. ஊனுக்கும் ஒரு வழி விடப்பட்டிருக்கிறது.

இவற்றுள் முதல் விதி கடல்வணிகரின் நேரடித் தேவை என்பதையும் கருத வேண்டும். முன்பு கலம் கவிழ்ந்து வந்தோரைத் தின்றோம், அவர்கள் பொருள் இவை என்று நாகர் எடுத்துத் தரும் மணமரங்களும் மெல்லிய துகிலும் நிதிக்குவையும் சந்திரதத்தன் என்னும் வணிகனின் வங்கத்தில் புகார் வந்து சேர்கின்றன. இறந்த வணிகரின் சரக்கு சாதுவனின் செல்வமாகிறது. காப்பியம் இதில் கூச்சம் காட்டவில்லை.

உடைந்த கலத்தின் பொருளைக் கவர்வது காட்டுமக்களின் வழக்கம் மட்டும் அன்று. காகதிய மன்னர் கணபதிதேவர் 1244இல் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பொறித்த அபய சாசனம், புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கலங்களின் சரக்கு முழுவதையும் முன்னைய அரசர்கள் பறித்துவந்ததைக் குறிப்பிட்டு, இனி உரிய சுங்கம் மட்டுமே கொள்ளப்படும் என்று உறுதியளிக்கிறது. காப்பியத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது இச்சான்று. எனினும் கலமுடைந்தவனின் பாதுகாப்பு இந்தியக் கடற்கரைகளில் அரசாணையால் பெறவேண்டிய ஒன்றாகவே நீடித்தது என்பதை அது காட்டுகிறது. அந்த வகையில் நாகர் தலைவன் தன் வாய்மொழியாக அளித்ததும் ஓர் அபய சாசனமே.

4. ஆபுத்திரன் என்னும் மறுபக்கம்

சாதுவனுக்கு நேர்மாறான நிலை ஒன்றும் இதே காப்பியத்தில் உண்டு. 14ஆவது காதையில் ஆபுத்திரன் என்பவன் எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியோடு, மழையின்றி வாடும் சாவகநாட்டுக்குக் கப்பலேறுகிறான். பாய் இறக்கி ஒருநாள் மணிபல்லவத்தில் தங்கிய வங்கம், இறங்கியவன் ஏறிவிட்டான் என்றெண்ணி இருளில் புறப்பட்டுவிடுகிறது. ஆளற்ற தீவில் பலரை ஊட்டும் பாத்திரத்துக்கு வேலை இல்லை. அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர்விடுகிறான். தெய்வப்பொருள் கையிலிருந்தும் மக்கள் இல்லாததால் இவன் மடிகிறான். வெறுங்கையோடு வந்த சாதுவன், கொல்ல நினைத்த மக்களிடமே பேசிப் பிழைக்கிறான். இரு காதைகளையும் சேர்த்துப் படிக்கையில், அயல்நிலத்தில் ஒருவனைக் காப்பது எது என்பதில் காப்பியத்துக்கு இருக்கும் தெளிவு புலனாகிறது.

முடிவுரை

கரடி உவமை நாகரைத் தாழ்த்துகிறது. உரையாடலோ அவர்களை அறத்துக்குத் தகுதியுடையோராக, அதன் அளவைத் தீர்மானிப்பதில் பங்குடையோராக ஏற்கிறது. இம்முரணை ஒரு பக்கமாகத் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. அயலாரை இழிவாகக் கண்ட ஒரு பண்பாட்டுக்குள்ளேயே அவர்களின் மறுப்புக்குக் காதுகொடுக்கவும் இடம் இருந்தது என்பதற்கு இம்முரணே சான்று. சாதுவன் கதையைச் சமயப் பரப்புரையாக வகைப்படுத்துவோர், அதில் கூடுதலாகக் கேள்வி கேட்பவன் நாகன் என்பதையும், இறுதி விதி அவன் கோரிக்கைக்குப் பின்னரே பிறந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.