குதிரை இறங்கிய துறை



நெடுந்தீவுக்குச் செல்ல விரும்புவோர் புங்குடுதீவின் மேற்கெல்லையான குறிகாட்டுவான் துறையிற் படகேற வேண்டும். கடல் அமைதியாயிருப்பின் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். ஓய்வுபெற்றபின் நானும் அவ்வாறு சென்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நின்று அத்தீவைப் பற்றிப் பாடஞ் சொன்னவன், அதனைக் காலால் நடந்து பார்த்ததில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

படகு துறையை விட்டு நீங்கியதும் வலப்புறத்தே நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிற் கோபுரம் தோன்றும். அக்கோயிலில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து எழுதியுள்ளார். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சாசனம் கூறுவது இது: பரதேசிகள் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும், யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் காற்கூறு அரச பண்டாரத்துக்கு, முக்காற்கூறு உடையவனுக்கு, வேறு சரக்கேற்றிய கலமாயின் பாதிக்குப் பாதி. குதிரை வணிகனுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? அரசனுக்குக் குதிரை வேண்டியிருந்தது, அவ்வளவே.

நானோ, குதிரை என்பது பறங்கியரும் ஒல்லாந்தரும் இப்பக்கத்துக்குக் கொண்டுவந்த விலங்கு என்றே மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். அது பிழை. போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை 1619இற் கைப்பற்றுவதற்கு நாலு நூற்றாண்டுகளுக்கு மேல் முன்னரே இக்கடலிற் குதிரைக் கலங்கள் ஓடின, உடையவுஞ் செய்தன. ஆனால், இன்று தீவில் மேயும் மட்டக்குதிரைகள் அக்காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் என்று கூறிவிடலாகாது. ஒல்லாந்தர் அங்கே குதிரை வளர்த்தனர். ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற படை அதிகாரி அத்தொழிலைத் தொடர்ந்து நடத்தினார். பின்னர் கைவிடப்பட்டவையே காட்டுக்குதிரைகளாயின என்பதுதான் பொருந்துகிறது.

இக்கடலைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுச் செல்ல மனம் ஒப்பவில்லை. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் இருபதுக்கு மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டனர். அலையின் சீற்றத்தால் அன்று; மனிதர் கையால். கலம் உடைந்தால் உரியவனுக்குச் சேரவேண்டியது எவ்வளவு என்று கல்லிற் பொறித்து வைத்த அதே கடலில்!

தீவு முழுதும் சுண்ணக்கல். ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் ஓர் ஆறுமில்லை. பெய்யும் மழை கல்லின் துளைகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். அதனால் நல்ல கிணறு அங்கே ஒரு சொத்து. வளவுகளைச் சுற்றி முருகைக்கல்லைச் சாந்தின்றி அடுக்கிய மதில்கள் நெடுந்தூரம் செல்கின்றன. அவற்றின் நிழலை ஒட்டியே நடந்தேன். வேறு நிழல் அரிது. பாழடைந்த கோட்டையும் முருகைக்கல்லே. உள்ளே ஆள் நுழையக்கூடிய பொந்துடைய பெருக்குமரமொன்றும் உண்டு. அராபிய வணிகர் கொணர்ந்தது என்பர். ஆப்பிரிக்க மரமாதலின் கடல்வழி வந்ததில் ஐயமில்லை.

குதிரைகளைத் தென்புறத்து வெளியிற் கண்டேன். 2015இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் வறட்சிக் காலங்களில் நீரின்றிக் குதிரைகள் மாண்டதுண்டு. நான் சென்றபோது வற்றிய குளமொன்றின் நடுவே சேறு மட்டும் எஞ்சியிருந்தது. ஒரு தாய்க்குதிரை முன்னங்காலாற் சேற்றைக் கிளறி, ஊறிய கலங்கல் நீரைக் குட்டி குடிக்கும்வரை விலகி நின்றது. மாலைப் படகுக்கு நேரமாயிற்றென்று எவரோ அழைத்தனர். நான் உடனே திரும்பவில்லை.